ஆற்றுதலும் ஆற்றுப்படுத்துதலும்: எச்.ஐ.வி. தொற்றைப் புதிதாக அறிந்தோர்க்கான தமிழ் உரைநடை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஐ.வி. தொற்று உறுதியானதும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்னும் மருத்துவ நெறி இந்தியாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்று பற்றிய தமிழ் விழிப்புணர்வு உரைநடையோ மருந்தில்லாக் காலத்தின் சொற்களிலேயே பெரிதும் நிற்கிறது. தொற்றை அன்றுதான் அறிந்த ஒருவரை நோக்கி அது அரிதாகவே பேசுகிறது. பேசும்போதும் ஆறுதலோடு நின்றுவிடுகிறது. கேட்போர், காலம், மெய்ப்பாடு ஆகிய தொல்காப்பியச் செய்யுளுறுப்புகளைக் கொண்டும், சங்க ஆற்றுப்படை நூல்களின் வழிகூறும் முறையைக் கொண்டும் இவ்வுரைநடையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கருவிச் சொற்கள்: எச்.ஐ.வி., கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆற்றுப்படை, மலைபடுகடாம், மெய்ப்பாடு, நம்பிக்கை மையம்

முன்னுரை

தமிழில் 'ஆற்று' என்னும் ஒரே வடிவத்துக்குள் வெவ்வேறு சொற்கள் கலந்து நிற்கின்றன. ஆறு என்னும் வினை தணிதலைக் குறிக்கும். புண் ஆறும், சூடு ஆறும், சினம் ஆறும். அதன் பிறவினை ஆற்று. பாலை ஆற்றுவர், துயரை ஆற்றுவர். ஆறு என்னும் பெயர் வழியைக் குறிக்கும். அது ஆற்று எனத் திரிந்து ஆற்றுப்படை என்னும் தொடரில் அமைந்துள்ளது. பொறுத்தல், வல்லராதல் என்னும் பொருளில் வரும் ஆற்று மூன்றாவது. தலைவனைப் பிரிந்த தலைவி ஆற்றியிருந்தாள் என்றும் ஆற்றாளாயினாள் என்றும் அகப்பாடல்களுக்கு உரையாசிரியர்கள் எழுதுவது இப்பொருளில்தான்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடைபெறும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அங்கு வருபவரோடு பேசுகின்றவரைக் குறிக்க ஆலோசகர், ஆற்றுநர், ஆற்றுப்படுத்துநர் ஆகிய மூன்று சொற்களும் தமிழில் வழங்குகின்றன. ஆற்றுநர் என்றால் துயரைத் தணிப்பவர். ஆற்றுப்படுத்துநர் என்றால் வழியில் செலுத்துபவர். இவ்விரண்டும் ஒரே பணியின் இரு பெயர்கள் என்று கருதுவது வழக்கம். தொற்று உறுதி என்று கேட்ட ஒருவருக்கு இவ்விரண்டில் எது முதலில் தேவை, ஒன்றை விட்டு மற்றொன்று நிகழ இயலுமா என்னும் கேள்விகள் சொல்லாராய்ச்சியோடு முடிவன அல்ல. மருந்தைத் தொடங்குவதற்கும் தள்ளிப்போடுவதற்கும் இடையிலுள்ள சில வாரங்கள் அவற்றின் விடையைப் பொறுத்தவை.

கேட்போர் யார்?

செய்யுளியல் தொகுக்கும் உறுப்புகளுள் கேட்போர் என்பதும் ஒன்று. ஒரு கூற்று யாரை நோக்கியது என்பது அதன் பொருளைத் தீர்மானிக்கும். இவ்வளவுகோலைக் கொண்டு எய்ட்ஸ் விழிப்புணர்வு உரைநடையை அணுகினால் முதலில் புலப்படுவது ஓர் இன்மை. டிசம்பர் முதல் நாளை உலக எய்ட்ஸ் நாளாக 1988 முதல் உலகம் கடைப்பிடிக்கிறது. அந்நாளையொட்டிப் பள்ளி, கல்லூரிகளில் நிகழும் பேச்சும் கட்டுரையும் உறுதிமொழியும் பெரும்பாலும் தொற்று இல்லாதோரையே முன்னிலையாகக் கொள்கின்றன. தொற்று உள்ளவர் அவற்றில் படர்க்கை. அவர்மீது இரக்கம் காட்டுமாறு பிறர்க்குச் சொல்லப்படும். அவரிடம் எதுவும் சொல்லப்படுவதில்லை. அவையில் அமர்ந்திருப்போருள் ஒருவருக்குத் தொற்று இருக்கக்கூடும் என்பதையே அவ்வுரைநடை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2000களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களையும் விளம்பரப் பலகைகளையும் நிறைத்த புள்ளிராஜா விளம்பரம் இதற்குத் தக்க சான்று. ஒரு கற்பனைப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டது அது. மூடி மறைக்கப்பட்ட ஒன்றைத் தெருவில் பேசுபொருளாக்கிய வகையில் அதன் வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் கேள்வி 'வருமா' என்பதோடு நின்றது. வந்தபின் புள்ளிராஜா என்ன செய்வான் என்பது அக்கேள்வியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தடுப்புப் பரப்புரைக்கு அது போதும் என்று வாதிடலாம். ஆனால் பல ஆண்டுகள் இவ்வொரு கேள்வியை மட்டுமே கேட்டுப் பழகிய சமூகத்தில் தொற்று உறுதி என்னும் சொல் ஒருவர் காதில் விழும்போது, அடுத்த வாக்கியம் எதுவும் அவர் நினைவில் இருப்பதில்லை.

சாமி இயக்கிய 'மிருகம்' (2007) திரைப்படத்திலும் இதே நிலையைக் காணலாம். முரடனாகவும் பெண்களை வதைப்பவனாகவும் வாழ்ந்த நாயகனுக்குத் தொற்று வருகிறது; ஊர் ஒதுக்குகிறது; மனைவி பேணுகிறாள்; அவன் இறக்கிறான். நோய் அவனது ஒழுக்கத்துக்கான தண்டனையாகவும் சாவு கதையின் நீதியாகவும் அமைகின்றன. படம் எக்காலத்துக் கதையைச் சொன்னபோதிலும் அதைக் கண்டவர்கள் 2007ஆம் ஆண்டின் பார்வையாளர்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2004 ஏப்ரல் முதல் நாளில், இந்திய அரசு கூட்டு மருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியிருந்தது. முதற்கட்ட மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. மருந்து கிடைக்கும் ஊரில் மருந்தில்லாக் கதை ஓடியது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. மற்றொன்றும் உண்டு. இக்கதைகளின் நாயகன் ஆண், தவறு செய்தவன். மகப்பேற்றுக்கு முந்தைய வழக்கமான பரிசோதனையில் தன் தொற்றை முதன்முறை அறியும் பெண் இக்கதைகள் எவற்றிலும் கேட்போராக இல்லை. மருந்தில்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு என்றும், உரிய சிகிச்சையால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழாகக் குறைக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்பெண் கேட்க வேண்டிய முதற்செய்தி இது.

மெய்ப்பாட்டியல் பிணியை இளிவரல் தோன்றும் நான்கு களங்களுள் ஒன்றாக வைக்கிறது. அச்சத்தின் களங்களாக அது சொல்வன விலங்கு, கள்வர் முதலியன. பிணி அங்கு இல்லை. விழிப்புணர்வு உரைநடை பிணியை அச்சத்தின் களமாக மாற்றியது. 'உயிர்க்கொல்லி நோய்', 'ஆட்கொல்லி நோய்' என்னும் தொடர்கள் நோயை ஆளடிக்கும் விலங்கின் இடத்தில் நிறுத்துகின்றன. அச்சம் தொற்றில்லாதவரை விலகி ஓடச் செய்யும். தொற்றுள்ளவரோ தம்மிடமிருந்து ஓட இயலாது. அவரிடம் அவ்வச்சம் மீண்டும் இளிவரலாகவே தங்குகிறது. நோயைப் போராகவும் படையெடுப்பாகவும் உருவகிப்பது நோயாளியைக் களங்கப்படுத்துவதில் முடியும் என்று சூசன் சான்டாக் 1978இலும், எய்ட்ஸை முன்வைத்து 1989இலும் எழுதிய நூல்களில் காட்டினார். தமிழ்த் தொடர்களில் போர் உருவகத்தைவிட வேட்டை விலங்கின் உருவகமே வலியது என்பது கருதத்தக்கது.

காலம் மாறியது, சொல் மாறவில்லை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையின்வழி அது வெளிப்பட்டது. அன்று தமிழில் உருவான சொற்கள் அன்றைய உண்மைக்குப் பொருந்தின. தொற்றை நெடுங்காலம் அடக்கி வைக்கும் மருந்து அன்று இல்லை. மூன்று மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் முறையின் பயன் 1996இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாக இருந்தது. 2001இல் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலர் என்னும் விலையை அறிவித்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று.

எப்போது தொடங்குவது என்னும் கேள்விக்கு மருத்துவம் பல விடைகளைச் சொல்லி வந்துள்ளது. எதிர்ப்பாற்றலின் அளவுகோலான சி.டி.4 அணுக்கள் குறையும்வரை காத்திருப்பதே முறையாக இருந்தது. மருந்துகளின் நச்சுத்தன்மையும் விலையும் அதற்குக் காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 2010இல் 350 என்றும் 2013இல் 500 என்றும் உயர்த்தி, 2015இல் எல்லையையே நீக்கியது. இந்தியா 2017இல் அதைப் பின்பற்றியது. எல்லை நீங்கியதற்கு இரு சான்றுகள் முதன்மையானவை. 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த 'ஸ்டார்ட்' ஆய்வு, சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயோ சாவோ நேரும் வாய்ப்பு, காத்திருந்தவர்களைவிட 57 விழுக்காடு குறைவு என்று 2015இல் காட்டியது. ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 1,763 இணையரிடம் ஒன்பது நாடுகளில் நடந்த 'எச்.பி.டி.என். 052' ஆய்வு, உடனடிச் சிகிச்சை துணைவருக்குத் தொற்று பரவுவதை 96 விழுக்காடு குறைத்தது என்று 2011இல் அறிவித்தது. அவ்வாய்வு நடந்த நகரங்களுள் சென்னையும் உண்டு. பின்னர் ஐரோப்பாவில் நடந்த 'பார்ட்னர்' ஆய்வுகள், குருதியில் வைரஸ் அடக்கப்பட்ட நிலையில் பாலுறவின்வழி இணையருக்குள் தொற்று பரவிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை எனக் கண்டன.

'செல் குறைந்தால்தான் மருந்து' என்னும் அறிவுரை ஒரு காலத்தில் சரியான மருத்துவம். பழைய துண்டறிக்கையிலோ உறவினர் ஒருவரின் அனுபவத்திலோ அதைக் கேட்டவர் இன்று காத்திருந்தால் அது அவர் அறியாமை ஆகாது. காலம் என்னும் உறுப்பைக் குறிக்காமல் பேசிய உரைநடையின் குறை. குருதியில் கண்டறிய இயலாத அளவுக்கு வைரஸ் குறைந்தால் பாலுறவால் பரவாது என்னும் செய்திக்கு ஆங்கிலத்தில் சுருக்கமான முழக்கம் உண்டு. தமிழில் அதற்கு நிலைபெற்ற தொடர் இன்னும் அமையவில்லை. 'உயிர்க்கொல்லி' என்பதற்கு அமைந்த சொல்லாக்க வேகம் இதற்கு அமையாமற் போனது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

ஆறுதலின் போதாமை

தொற்றை அறிந்தவரை நோக்கிப் பேசும் தமிழ் உரைநடை முற்றிலும் இல்லாமலில்லை. கவலை வேண்டா, இதுவும் நீரிழிவு போன்ற ஒரு நோயே, மனவுறுதியே மருந்து என்னும் போக்கில் அமைவது அதன் பொதுவடிவம். நோக்கம் நல்லது, முறையை ஆராய வேண்டும்.

அகப்பாடல்களில் தோழி தலைவியை ஆற்றுவிக்கும் துறைகளுள் ஒன்று, பருவம் அன்று என வற்புறுத்தல். கார் வந்ததும் மீள்வேன் என்ற தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். குறுந்தொகை 66ஆம் பாடலின் தோழி, இது உரிய மழையன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார் என மயங்கிக் கொன்றைதான் அறியாமல் பூத்தது என்கிறாள். அன்பு மிக்க பொய் அது. தலைவியும் அதைப் பொய்யென அறிந்திருக்கக்கூடும் என்பதே அப்பாடலின் சுவை. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் இவ்வாறு ஆற்றுதல் பொருந்தும். தலைவி செய்யக்கூடிய செயல் எதுவும் அங்கு இல்லை.

எச்.ஐ.வி. தொற்றை அறிந்தவரின் நிலை அத்தகையது அன்று. அவர் செய்யக்கூடியது உண்டு. அதைச் செய்வதற்கான காலமும் அதுவே. பெரிதாக ஒன்றுமில்லை என்னும் ஆறுதல் அவரிடம் இரு வகையில் தீங்காகலாம். பெரிதாக ஒன்றுமில்லையெனில் மருந்தை உடனே தொடங்குவானேன் என்னும் தள்ளிவைப்புக்கு அது இடமளிக்கும். மற்றொன்று, தம் துயரத்தின் அளவைச் சொல்பவர் உணரவில்லை என்று கேட்பவர் அறிந்து, பின்வரும் பயனுள்ள சொற்களையும் கேளாது விடுதல். நீரிழிவோடு ஒப்பிடுவது இங்கே தோற்கிறது. நீரிழிவு மாத்திரையை யாரும் சோற்றுப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதில்லை.

மலைவழியும் மருந்துவழியும்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் வளம் பெற்று மீள்பவர், பெறாமல் வருபவரை இடைவழியில் கண்டு, தாம் பெற்றதைச் சொல்லி அவரும் பெறுமாறு செலுத்துவதைப் புறத்திணையியல் இலக்கணமாக வகுத்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றைப் புரவலரைப் புகழும் நூல்களாகவே பயில்வது வழக்கம். அவற்றின் உரையாடல் அமைப்பைத் தனியே எடுத்து நோக்கினால் வேறொன்று புலனாகும். சொல்பவரும் கேட்பவரும் ஒரே குலத்தவர், ஒரே வறுமையர். சொல்பவர் நேற்று நின்ற இடத்தில் கேட்பவர் இன்று நிற்கிறார்.

ஆகவே வழிகூறுதல் பெரும்பாலும் பழைய நிலையைச் சொல்வதோடு சேர்ந்தே வருகிறது. பொருநராற்றுப்படையில் பொருநன், ஈரும் பேனும் குடியிருந்து வியர்வையில் நனைந்த தன் கந்தையைக் கரிகாலன் களைவித்ததை நாணாமல் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படை இன்னும் நெருங்கிச் செல்கிறது. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பால் தர இயலாமல் குரைக்கும் அடுக்களை. கூரை இற்ற வீடு. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண்பதற்கு நாணி வாயிலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உண்ட உணவு. இதுவே என் வீட்டின் நிலையாக இருந்தது என்று வழிகாட்டுபவன் சொல்கிறான். சொல்லும்போது அவன் யானையும் தேருமாக மீண்டுகொண்டிருக்கிறான். கதவடைத்து உண்டதைத் தானே சொன்னவனின் பேச்சுக்குக் கிடைக்கும் நம்பகத்தன்மை, கவலை வேண்டா என்பவரின் பேச்சுக்கு வாய்க்காது.

எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகளின் வரலாற்றில் இம்முறை செயல்வடிவில் உள்ளது. இந்திய அளவிலான எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு 1997இலும், பெண்களுக்கான தனி அமைப்பு 1998இலும் சென்னையில் தோன்றின. கூட்டு மருந்து மையங்களில் எச்.ஐ.வி. உள்ளோருள் ஒருவரையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக அமர்த்தும் முறையும் உண்டு. பல ஆண்டுகளாக மருந்து உண்டு வாழ்பவர், இன்று முடிவை அறிந்தவரின் எதிரே அமரும் அக்காட்சி ஆற்றுப்படையின் களமேயாகும். அங்கு நிகழும் பேச்சு பதிவாவதில்லை. அச்சேறும் உரைநடை அதனிடமிருந்து எதையும் கற்றதாகவும் தெரியவில்லை.

வழியின் இடர்களைச் சொல்வதில் மலைபடுகடாம் ஒப்பற்றது. 583 அடிகளில் ஆசிரியர் பெருங்கௌசிகனார், நன்னனின் செங்கண்மாவுக்குச் செல்லும் கூத்தரிடம் வழி எளிது என்று ஓரிடத்தும் பொய் சொல்வதில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள பாதை இது, இருளில் செல்லாதீர்கள், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறார். பாம்புகள் மறைந்திருக்கும் குழிகள் உள்ள இடத்தைக் குறித்துக்கொண்டு கடக்கச் சொல்கிறார். யானையை விரட்டப் புனங்காவலர் வீசும் கவண்கல் பறந்து வரும் இடத்தில் மரங்களின் பின்னே ஒதுங்கிச் செல்லச் சொல்கிறார். பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்றும் சொல்கிறார். ஒவ்வோர் இடரும் ஓர் இடத்தோடும் ஒரு செயலோடும் இணைந்தே வருகிறது. இடமும் செயலும் குறிக்கப்பட்ட இடர் கேட்பவரை முடக்குவதில்லை. விழிப்புணர்வு உரைநடையின் அச்சம் முடக்குவதற்குக் காரணம், அது இடமும் செயலும் அற்ற அச்சம் என்பதே.

இம்முறையில் அமையும் மருந்துவழி எவ்வாறு இருக்கும்? உறுதியான முடிவு கைக்கு வந்த ஏழு நாளுக்குள், கேட்பவர் மனத்தளவில் ஒருப்பட்டால் அன்றே, மருந்தைத் தொடங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2017இல் நெறி வகுத்தது. அன்றே என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பம் ஆகியவை இருப்பின் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். காசநோயாலோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலோ மூளையுறை அழற்சி இருந்தால் அதற்குரிய சிகிச்சையை முன்னர்த் தொடங்கி, கூட்டு மருந்தைச் சில வாரம் கழித்தே தருவர். இருளில் செல்லாதீர்கள் என்பதற்கு நிகரான இடம் இது. இருமலும் எடை குறைதலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கேட்டுப் பெற வேண்டும். இந்தியாவில் இன்று பெரும்பாலோர்க்குத் தரப்படுவது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, நாளுக்கு ஒன்றான மாத்திரை. முதல் சில வாரங்களில் தலைவலியோ குமட்டலோ உறக்கக் கேடோ சிலருக்கு வரலாம். பலருக்கு அவை தாமாகவே தணியும். தணியாவிடில் மாத்திரையை நிறுத்தாமல் மையத்தில் சொல்ல வேண்டும். விட்டு விட்டு உண்பது வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் வாய்ப்பைத் தரும். ஆறாம் மாத அளவில் குருதியில் வைரஸின் அளவைச் சோதிப்பர். ஒழுங்காக உண்டவர்களுள் பெரும்பாலோர்க்கு அதற்குள் அது அடங்கியிருக்கும்.

மனத்தின் இடர்களும் இவ்வழியில் உள்ளன. முதல் நாள்களில் முடிவு தவறாக இருக்கும் என்று எண்ணுவது, உறக்கமின்மை, துணைவர்மீது சினம், தற்கொலை எண்ணம் ஆகியவை வரக்கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்வது அச்சுறுத்தல் ஆகாது. வந்தபோது யாரிடம் செல்வது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவை வழியில் உள்ள இடங்களாகிவிடும். எல்லாரிடமும் உடனே சொல்ல வேண்டியதில்லை; துணைவரும் தேவைப்படின் குழந்தைகளும் பரிசோதிக்கப்பட வேண்டும்; அதைச் சொல்லும் முறைக்கு ஆற்றுநரின் துணையைக் கேட்கலாம். நம்பத்தக்க ஒருவருக்கேனும் தெரிந்திருப்பது நல்லது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் இறுதிக்குறள் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தது. மறைவு இந்நான்காம் கூறையே முதலில் நீக்கிவிடுகிறது.

ஆற்றியிருத்தல் இவ்வழியறிவின் பயனாக வருவது. முதலில் மனம் தேறட்டும், பிறகு மருந்தைப் பார்க்கலாம் என்னும் வரிசை, தேறுதலை மருந்துக்கு முன்நிபந்தனையாக வைக்கிறது. மருந்தைத் தொடங்கியதும் செய்வதற்கு ஒரு செயலும், திரும்பி வருவதற்கு ஒரு நாளும், எதிர்நோக்குவதற்கு ஓர் எண்ணும் கிடைக்கின்றன. எல்லாருக்கும் இது ஒரே வகையில் நிகழும் என்று கூறுவதற்கில்லை. உளச்சோர்வு ஆழமாக இருப்பின் அதற்கும் தனிச் சிகிச்சை வேண்டும். தொடங்க மனம் ஒருப்படாதவரை நெருக்குவதும் பிழை. அவருக்கு இரண்டாம் முறை வருவதற்கான கதவு திறந்திருக்க வேண்டும்.

ஒப்புமை உடையும் இடங்கள்

ஆற்றுப்படையை அப்படியே எடுத்துக்கொள்வதற்குத் தடைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது பரிசில். பாணன் பெறுவது புரவலனின் ஈகை. கூட்டு மருந்து குடிமக்களின் உரிமை. இவ்வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியே மங்கச் செய்துள்ளது. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், உடன்பாடின்றிப் பரிசோதிப்பதைத் தடுக்கிறது. வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாட்டை விலக்குகிறது. ஒருவரின் நிலையை வெளியிடுவதற்கு வரம்பு கட்டுகிறது. மருந்து வழங்குவதைச் சொல்லும் பிரிவிலோ 'இயன்றவரை' என்று பொருள்படும் தொடர் இடம்பெற்றது. எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் அத்தொடரை எதிர்த்தன. உரிமையை ஈகையாக்க அவ்வொரு சொல் போதும் என்பதை இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர்.

பாணனின் பயணம் ஒரு முறை நிகழ்வது என்பது இரண்டாவது. யானையும் தேரும் பெற்றவன் நாளை மறுபடி அவ்வழியே நடக்க வேண்டியதில்லை. மருந்து நாள்தோறும் தொடர்வது. மையத்துக்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். செங்கண்மாவை அடைந்ததோடு மலைபடுகடாம் முடியலாம். இவ்வழிக்கு அத்தகைய ஊர் இல்லை.

மூன்றாவதே கடினமானது. பொருநனும் பாணனும் தம் பழைய நிலையைத் திறந்து சொல்ல முடிந்தது, அவ்வறுமை நீங்கிவிட்டதனால். எச்.ஐ.வி. உள்ளவருக்கு வைரஸ் அடங்கினும் தொற்று நீங்குவதில்லை. ஊரின் பார்வையும் அடங்குவதில்லை. வெளியில் தம் பெயரைச் சொல்லிப் பேசுகின்ற சிலர் வேலையையும் வாடகை வீட்டையும் பணயம் வைத்தே பேசுகின்றனர். சிறுபாணாற்றுப்படையின் அடைத்த கதவு இங்கு இன்னும் அடைத்தே உள்ளது. மாத்திரைகள் பெயர் கிழித்த வேறொரு புட்டிக்கு மாறுகின்றன. மையத்துக்கு அண்டை மாவட்டம்வரை பயணம் நீள்கிறது. வழிகாட்டுபவர் கதவைத் திறந்து சொல்ல வேண்டும் என்று கோருவதற்கு எழுதுபவருக்கு உரிமையில்லை. அவர் பெயரின்றிச் சொன்னதை வழிநூலாக எழுதித் தருவது எழுதுபவரால் இயலும்.

ஆற்றுப்படைகளுள் நான்கு, ஆற்றுப்படுத்தப்படுவோரின் பெயரால் வழங்குகின்றன. மலைபடுகடாமும் கூத்தராற்றுப்படை எனப் பெயர் பெற்றது. திருமுருகாற்றுப்படை மட்டுமே சென்றடையும் தெய்வத்தின் பெயரைக் கொண்டது. தமிழில் இதுவரை அச்சான கையேடுகளும் பாடப்பகுதிகளும் பெரும்பாலும் நோயின் பெயரையே தலைப்பாகக் கொண்டுள்ளன. நடந்து செல்ல வேண்டியவரின் பெயரால் ஒரு கையேடு அமையுமாயின் அதன் முதற்பக்கத்தில் எவ்வாக்கியம் நிற்கும் என்பதைத் தமிழ்த்துறைகளும் நம்பிக்கை மையங்களின் ஆற்றுநர்களும் சேர்ந்து அமர்ந்தே எழுதிப் பார்க்க இயலும்.